பெயர் எழுதப்படாத முகங்கள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியே மாமல்லபுரத்துக்கும், அங்கிருந்து கடலோரமாகச் சதுரங்கப்பட்டினத்துக்கும் செல்லும் பாதையிலுள்ள ஊர்களில், பழைய ஆரம்பப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியர் அறையிலோ, அவ்வூர் வீடொன்றின் கூடத்துச் சுவரிலோ, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வகுப்புப் படம் தொங்குவதைக் காண்பது அரிதன்று. நடுவே நாற்காலிகளில் உபாத்தியாயர்கள்; அவர்களுக்குப் பின்னே பெஞ்சியின்மேல் ஏறி நிற்கும் உயரமான பிள்ளைகள்; முன்னே தரையில் சப்பணமிட்டு அமர்ந்த சிறியவர்கள்; அவர்களுக்கும் முன்னே சாய்த்து வைக்கப்பட்ட சிலேட்டில் சாக்கட்டியால் எழுதிய வகுப்பும் வருஷமும். வகுப்பும் வருஷமும் எழுதிய கை பிள்ளைகளின் பெயர்களை எழுதவில்லை. எல்லோரையும் எல்லோரும் அறிந்திருந்த காலத்தில் அதற்கு அவசியமும் தோன்றியிருக்காது. அறுபது ஆண்டுகள் கழிந்து அந்த நாற்பது ஐம்பது முகங்களுள் இது யார், அது யார் என்று ஒருவர் கேட்கும்போதுதான், எளிதாகத் தோன்றிய இக்கேள்வி உடல் வளர்ச்சி, ஞாபகம், புகைப்பட ரசாயனம், சாட்சியத்தின் தன்மை ஆகிய நான்கு துறைகளின் உதவியையும் வேண்டி நிற்பது என்பது விளங்குகிறது.

முதலில் ஞாபகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மனோதத்துவ அறிஞரான ஹாரி பாஹ்ரிக்கும் அவருடைய துணைவர்களும் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த 392 பேரை, பதினேழு வயதினர் முதல் எழுபத்துநான்கு வயதினர் வரை, பரிசோதித்தார்கள். பள்ளி ஆண்டு மலரில் வெளியான படங்களோடு அந்நியர்களின் படங்களையும் கலந்து காட்டி, இவர்களுள் உம்மோடு படித்தவர் யார் என்று கேட்டபோது, பள்ளியை விட்டு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆனவர்கள்கூட நூற்றுக்குத் தொண்ணூறு முகங்களைச் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால், அதே முகத்தைக் காட்டி, இவர் பெயர் என்ன என்று கேட்டபோது விடைகள் மிகவும் குறைந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் குறைந்தன. முகமும் பெயரும் மனத்தில் ஒரே அறையில் சேமிக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் காரணத்தை விக்கி புரூஸ், ஆண்ட்ரூ யங் என்னும் இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1986ஆம் ஆண்டு ஒரு கொள்கையாக வகுத்தார்கள். அதன்படி, முகத்தைக் கண்டவுடன் முதலில் பிறப்பது 'தெரிந்த முகம்' என்னும் உணர்ச்சி. அதன்பின் அம்மனிதரைப் பற்றிய செய்திகள் வருகின்றன. பெயரோ எல்லாவற்றுக்கும் கடைசியாக, அச்செய்திகளின் வாயிலாகவே வந்து சேருகிறது. நம் ஊரில் பழைய மாணவர்கள் படத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைக் கேட்டவர்களுக்கு இக்கொள்கை புதிதாக இராது. "இவன் தபால்காரர் மகன், ஏரிக்கரைத் தெரு, கணக்கில் கெட்டிக்காரன், பெயர்தான் வாயில் வரவில்லை" என்று அவர்கள் சொல்லும் வரிசை, ஆராய்ச்சியாளர்கள் கண்ட வரிசையேதான். ஆகவே படத்தைக் காட்டும்போது எடுத்த எடுப்பில் பெயரைக் கேட்பது தவறான முறை. தெருவையும், தகப்பனாரின் தொழிலையும், பட்டப்பெயரையும், பக்கத்தில் உட்காருபவரையும் முதலில் கேட்டால், பெயர் தானாக வருவதற்கு வழி உண்டாகும்.

மிகச் சிறு வயதில் கண்ட முகங்களின் நிலை வேறு. நோரா நியூகோம்ப், நாதன் ஃபாக்ஸ் என்பவர்கள் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனையில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களோடு மழலைப் பள்ளியில் இருந்தவர்களின் படங்களைக் காட்டினார்கள். பெரும்பாலான முகங்களைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால், தோலின் மின்கடத்தும் தன்மையை அளக்கும் கருவி, பழைய தோழர்களின் படங்களைக் கண்டபோது அந்நியர் படங்களுக்கு இல்லாத மாறுதலைப் பதிவு செய்தது. வாயால் 'தெரியாது' என்று சொன்ன குழந்தையின் உடல், அம்முகத்தை எங்கோ கண்டிருப்பதை அறிந்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் படத்தைப் பார்க்கும் முதியவர் ஒருவர், பெயரும் செய்தியும் எதுவும் நினைவுக்கு வராமல், ஒரு முகத்தின்மேல் மாத்திரம் திரும்பத் திரும்பப் பார்வையைச் செலுத்துவாராயின், அதையும் குறித்துக்கொள்வது நல்லது.

இனி, உடல் வளர்ச்சியைப் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழ் பரவலாக வராத காலத்தில் நம் பாடசாலைகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது, வலக்கையைத் தலையின்மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எளிய வழக்கமாயினும் இதில் உண்மையான விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. மூளை முந்தி வளருவது. ஆறு வயதுக்குள் அது தன் முழு அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகத்துக்கு மேல் எட்டிவிடுகிறது. அதற்கேற்பத் தலையோடும் விரைவில் பெருத்து, பிறகு வளர்ச்சி குன்றி நிற்கிறது. கையும் காலுமோ பின்தங்கித் தொடங்கி நெடுங்காலம் நீளுகின்றன. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நாலில் ஒரு பாகம் தலை. ஆறு வயதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பாகம். வளர்ந்தவரிடம் ஏழில் அல்லது எட்டில் ஒரு பாகம். காதைத் தொடும் சோதனை, இந்த இரு வளர்ச்சிகளும் எந்த இடத்தில் ஒன்றை ஒன்று எட்டுகின்றன என்பதைக் கண்டறியும் அளவுகோலாகவே பயன்பட்டது.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் இந்த விகிதத்தை நன்கு அறிந்தவர்கள். அங்கே 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பக் கல்லூரியில் இன்றும் பயிற்றுவிக்கப்படும் தாளக் கணக்கு, முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் அளப்பது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்று பத்து முக அளவும், கணபதிக்குப் பஞ்சதாளம் என்று ஐந்து முக அளவும் விதித்த சிற்ப சாஸ்திரம், குழந்தை உருவங்களுக்கும் அவ்வாறே குறைந்த தாளங்களை விதித்தது. பெரியவரைச் சிறிதாக்கினால் குழந்தையாகிவிடாது. அவயவங்களின் விகிதமே வேறு என்பதை உளியால் கண்டவர்கள் அவர்கள்.

முகத்துக்குள்ளும் இதே நியதி நடக்கிறது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையின் நெற்றியும் கண்களும் ஏறக்குறைய முழு அளவை நெருங்கியவை. மூக்கும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் பருவ வயதில்தான் உருக்கொள்ளுகின்றன. அதனால்தான் குழந்தைகளின் கண்கள் பெரியனவாகவும், முகத்தின் கீழ்ப்பாகம் சிறுத்ததாகவும் தோன்றுகின்றன. டார்சி தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சியும் வடிவமும் பற்றிய நூலில், ஓர் உருவத்தின்மேல் சதுரக் கட்டங்களை வரைந்து, அக்கட்டங்களை ஒழுங்காக வளைப்பதன் மூலம் மற்றோர் உருவத்தைப் பெறலாம் என்று காட்டினார். அவ்வழியைப் பின்பற்றிய பிற்கால ஆராய்ச்சியாளர்கள், கணித விதி ஒன்றினால் மண்டையின் வெளிக்கோட்டை வளைத்தபோது, பார்த்தவர்கள் அதை அதே மனிதரின் முதிர்ந்த உருவமாகவே கொண்டார்கள். இன்றைய முதியவரின் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்திலுள்ள பிள்ளையைத் தேடுவோர் மூக்கையும் மோவாயையும் நம்பாமல் கண், புருவம், நெற்றி, காது ஆகியவற்றை நம்புவது இதனால்தான் ஏற்புடையதாகிறது.

புருவத்தின் முக்கியத்துவத்தைப் பவன் சின்ஹா என்னும் இந்திய விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் 2003ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார்கள். புகழ்பெற்றவர்களின் படங்களிலிருந்து கண்களை அழித்தபோது ஏற்பட்ட தடுமாற்றத்தைவிட, புருவங்களை அழித்தபோது ஏற்பட்ட தடுமாற்றம் அதிகமாயிருந்தது. காதின் சிறப்போ இன்னும் பழமையானது. பாரிஸ் நகரப் போலீஸில் பணிபுரிந்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மனிதரை அங்க அளவுகளால் இனங்காணும் முறையை வகுத்தபோது, காதின் மடிப்புகளுக்குத் தனியிடம் கொடுத்தார். முதுமையில் காது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.22 மில்லிமீட்டர் நீளுகிறது என்று 1995ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அளந்து கண்டார்கள். ஆயினும் மடிப்புகளின் அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. எண்ணெய் தடவி வாரிய குட்டையான தலைமயிரோடு பிள்ளைகள் நிற்கும் நம் பழைய படங்களில், காதுகள் நன்றாகத் தெரிவது ஒரு நற்பேறு.

அங்க அடையாளம் என்னும் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் நமக்கு ஓர் அரிய சாதனத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. மாற்றுச் சான்றிதழிலும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும், 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்', 'வலது முழங்காலில் ஒரு தழும்பு' என்பன போன்ற குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை உருப்பெருக்கியின் கீழ்ப் பார்த்தால் சில முகங்கள் உடனே நிச்சயமாகும். எனினும், மச்சங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து நடுவயது வரை புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பவை. முதுமையில் சில மங்கி மறைவதும் உண்டு. படத்தில் மச்சம் இருந்து, சான்றிதழிலும் இருந்தால் அது வலிய சான்று. சான்றிதழில் உள்ளது படத்தில் இல்லாவிடில், அதனால் ஒன்றும் பொய்யாகிவிடாது.

படத்தின் வாயிலாக முகத்தை ஆராய்பவர் படம் உண்டான விதத்தையும் அறிந்திருத்தல் அவசியம். பழைய கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் பல, சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் குங்குமம் கரியதாகவும், நீலச் சட்டை வெளுத்ததாகவும், கபில நிற மச்சம் உள்ளபடிக்கு மேல் கறுத்ததாகவும் பதியும். ஆகையால் உடுப்பின் நிறத்தைக் கொண்டோ, மேனியின் நிறத்தைக் கொண்டோ ஒருவரைத் தீர்மானிப்பது பிழையில் முடியும். தகடு புறம் மாறி அச்சிடப்பட்டிருந்தால் வலம் இடமாகிவிடும். சிலேட்டு எழுத்து தெரியாத படங்களில், ஆசிரியையின் மேலாக்கு எந்தத் தோளில் விழுகிறது, சட்டைப்பை எந்த மார்பில் இருக்கிறது என்பவற்றைப் பார்த்து இதைக் கண்டுகொள்ளலாம். கன்னத்து மச்சத்தைப் பற்றிய எந்த முடிவும் இச்சோதனைக்குப் பின்னரே எடுக்கத்தக்கது.

கடற்கரையில் இப்படங்களின் ஆயுளும் குறைவு. உருவத்தைத் தாங்குவது ஜெலட்டின் படலத்தில் பதிந்துள்ள நுண்ணிய வெள்ளித் துகள். அச்சிட்டபோது 'ஹைப்போ' என்னும் உப்பை நன்றாகக் கழுவாமல் விட்டிருந்தால், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கி மஞ்சள் கபில நிறமாக்குகிறது. ஈரக்காற்று இதைத் துரிதப்படுத்துகிறது. கடலுப்புப் படிந்த பரப்பு காற்றிலுள்ள நீரை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் ஜெலட்டினையே உணவாகக் கொள்ளும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயன்று முகங்களை இழந்த வீடுகள் அநேகம். அவ்விதப் படத்தைக் கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுப்பதுதான் தக்க முறை.

இத்தனையும் அறிந்த பின்னரும் முகஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு முடிவு கட்டுவோர் ஏமாறக்கூடும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற வகுப்புப் படம் ஒன்று சாட்சி. ஆஸ்திரியாவிலுள்ள லின்ஸ் நகரப் பள்ளியின் படத்தில் சிறுவன் ஹிட்லர் காணப்படுகிறான். அதே படத்திலுள்ள மற்றொரு சிறுவன், பிற்காலத்தில் தத்துவஞானியாக விளங்கிய லுட்விக் விட்கென்ஸ்டைன் என்று 1998ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் கிம்பர்லி கார்னிஷ் என்பவர் வாதித்தார். ஒப்புமையைக் கொண்டு அது மிகவும் சாத்தியம் என்று ஆஸ்திரேலியப் போலீஸ் நிபுணர் அபிப்பிராயமும் கூறப்பட்டது. ஆனால், ஜெர்மனியின் தேசிய ஆவணக் காப்பகம் அப்படத்துக்குக் குறிக்கும் காலம் ஏறத்தாழ 1901. விட்கென்ஸ்டைன் அப்பள்ளியில் சேர்ந்தது 1903இல். முகம் எவ்வளவு ஒத்திருந்தாலும், பள்ளியில் சேராத பிள்ளை வகுப்புப் படத்தில் உட்கார முடியாது.

ஆகவே தேதியும் பதிவேடும் முகத்துக்கு முன்னே நிற்க வேண்டியவை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு இரண்டும் கிடைத்தால், அவ்வாண்டு அவ்வகுப்பில் இருந்தவர்களின் பட்டியல் கைக்கு வருகிறது. அதன்பின் வினா 'உலகத்தில் இவர் யார்' என்பதிலிருந்து 'இந்த நாற்பது பெயர்களுள் இவர் எவர்' என்று சுருங்குகிறது. செங்கற்பட்டுப் பகுதியில் இப்பதிவேடுகளைத் தேடுவோர் நிர்வாக மாறுதல்களையும் மனத்தில் கொள்ள வேண்டும்: ஜில்லா போர்டுப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளாயின, பழைய ஜில்லா 1997ஆம் ஆண்டு காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியை மாத்திரம் வேதவாக்காகக் கொள்ளலாகாது. சேர்க்கை நாளை அனுசரித்துத் தலைமையாசிரியர் எழுதிய தேதிகள் பல. அவ்விடத்தில் பல் உதவிக்கு வரும்: முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து புதியவை முளைப்பது ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் என்பதால், சிரித்த வாயின் இடைவெளி பதிவேட்டைத் திருத்தும் சான்றாகிறது.

பெயரே எழுதியிருந்தாலும் ஐயம் முற்றும் தீர்ந்துவிடாது என்பதை மாமல்லபுரத்து ஆதிவராகக் குகை நமக்குக் கற்பிக்கிறது. அங்கே ஒரு பக்கம் இரு தேவியருடன் அமர்ந்த அரசர். எதிர்ப்பக்கம் இரு தேவியருடன் நிற்கும் அரசர். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்கள் பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், இவர்கள் முதல் மகேந்திரனும் அவன் தந்தையுமா, அல்லது அப்பெயர்களைப் பின்னர் தரித்த வழித்தோன்றல்களா என்று சரித்திர ஆசிரியர்கள் பல்லாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் குடும்பங்களிலும் இச்சிக்கல் நாள்தோறும் நிகழ்வதுதான். ஒரே வகுப்பில் ஒரே பெயருடையோர் மூவர் இருப்பதும் சகஜம். எனவே தலைப்பெழுத்தும், தகப்பனார் பெயரும், தெருவும் இன்றிப் பெயர் மாத்திரம் எழுதிவைப்பது பாதி வேலையே.

மிகவும் ஜாக்கிரதை வேண்டியது சாட்சிகளைக் கேட்கும் முறையில். பழைய மாணவர்கள் ஒன்றுகூடிப் படத்தைப் பார்ப்பது இன்பமான காட்சிதான். ஆனால், குரல் ஓங்கிய ஒருவர் "இவன் நம் முருகேசன் அல்லவா" என்று சொல்லிவிட்டால், மற்றவர்களின் ஞாபகமும் தங்களை அறியாமலே அவ்வழியில் திரும்பிவிடுகிறது. ஒருவர் நினைவு மற்றொருவர் நினைவோடு கலந்துவிடும் இத்தன்மையை மனோதத்துவ அறிஞர்கள் பலமுறை பரிசோதித்து நிலைநாட்டியிருக்கிறார்கள். நீதிமன்றங்களுக்காக நடத்தப்படும் அடையாள அணிவகுப்பில் சாட்சிகளைத் தனித்தனியே அழைப்பதன் காரணமும் இதுவே. இங்கும் அம்முறையே தக்கது: ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, ஒவ்வொருவரையும் தனியே கேட்டு, அவர் சொன்னதையும் எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பதையும் எழுதிக்கொண்டு, அதன்பின் அனைவரையும் கூட்டிவைத்தால், கூட்டத்தில் புதிதாகப் பிறக்கும் நினைவின் நன்மையும் கிட்டும்; கலப்பின் தீமையும் தெரியவரும்.

இவ்வேலையை இன்று இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாகாதா என்று கேட்போர் உண்டு. முகங்களை ஒப்பிடும் கணினி முறைகள் வியக்கத்தக்கவை. ஆயினும், குழந்தை முகம் அவற்றுக்கும் கடினம். 919 குழந்தைகளின் படங்களைக் கொண்டு தெபாயன் தெப், நீத்தா நைன், அனில் ஜெயின் ஆகியோர் 2018ஆம் ஆண்டு செய்த ஆராய்ச்சியில், ஓராண்டு இடைவெளியில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறாக இருந்த வெற்றி, மூன்றாண்டு இடைவெளியில் எழுபத்துமூன்றாகக் குறைந்தது. அறுபது ஆண்டு இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மங்கிய முகத்தைத் 'தெளிவாக்கித்' தரும் சாதனங்களோ இன்னும் அபாயகரமானவை. அவை படத்தில் இல்லாத கண்ணிமையையும் உதட்டையும், தாம் கற்ற ஆயிரமாயிரம் வேற்று முகங்களிலிருந்து கற்பித்துக் கொடுப்பவை. அழகிய அப்படத்தைப் பார்த்துப் பெயர் சொல்பவர், பிறந்தே இராத ஒருவருக்குப் பெயர் சூட்டுகிறார்.

படத்தில் இல்லாதவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1891ஆம் ஆண்டு செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் டிரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர் மக்களுடைய துயர நிலையைக் குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்; நிலத்தினின்றும் பள்ளியினின்றும் ஒதுக்கப்பட்ட அக்குடும்பங்களின் பிள்ளைகள் பழைய வகுப்புப் படங்களில் இடம்பெறுவது எளிதாயிருக்கவில்லை. வலை இழுக்கப் போன குப்பத்துச் சிறுவனும், தம்பியை இடுப்பில் சுமந்து வீட்டில் நின்றுவிட்ட சிறுமியும் படம் எடுத்த நாளில் வராதிருக்கலாம். பதிவேட்டில் இருந்து படத்தில் இல்லாத ஒவ்வொரு பெயரும் எழுதப்பட வேண்டியதே. அவ்வகுப்பின் சரித்திரத்தில் அவர்களுக்கும் சமமான பங்குண்டு.

பழைய படங்களை மீட்டுக் காக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானின் யமமோட்டோ ஊரில், சேற்றிலிருந்து மீட்ட ஏறத்தாழ 7,50,000 படங்களைத் தொண்டர்கள் கழுவி உலர்த்தி, உரியவர் வந்து இனங்காணும்படி வைத்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கடற்கரைக் குப்பங்களில் புகுந்த அலை, பெட்டிகளோடும் சட்டங்களோடும் எத்தனையோ வீடுகளின் படங்களைக் கொண்டுபோயிற்று; அவற்றின் பிரதி, அதே வகுப்பில் படித்த வேறொருவரின் வீட்டில் இன்றும் இருக்கக்கூடும். ஒவ்வோர் ஊரிலும் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் இத்தகைய பிரதிகளைத் தேடி எடுப்பது, பெரும் செலவில்லாத பெரும் பணி.

செய்ய வேண்டியவை சிலவே. படத்தைப் பிரதியெடுத்து, முகங்களுக்கு எண் இட்டு, பதிவேட்டுப் பட்டியலைத் தேடி, உயிரோடிருக்கும் மூத்தவரிடம் முதலில் சென்று, தனித்தனியே கேட்டு, இன்னார் சொன்னார், இன்ன சான்று என்னும் விவரத்தோடு பெயரை எழுத வேண்டும். மூலப்படத்தின் பின்னே எழுத நேர்ந்தால், மையைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். உறுதியானதை உறுதி என்றும், ஐயமானதை ஐயம் என்றும், தெரியாத முகத்துக்குத் தெரியவில்லை என்றும் குறிப்பதற்குத் தயங்கலாகாது. தவறான பெயர் ஒன்று ஏறிவிட்டால், உண்மையான பெயர் அந்த இடத்துக்கு வருவது அரிதாகிவிடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இன்று எழுபது வயது. முகம் பார்த்தால் தெரியும் என்னும் ஆற்றல் அவர்களிடம் இன்னமும் இருக்கிறது. அடுத்த தலைமுறையிடம் அது இராது. ஆதலின் இப்பணியை அடுத்த கோடை விடுமுறைக்குக்கூட ஒத்திவைக்காமல் இந்த மாதத்திலேயே தொடங்குவது நம் கடமை.